ஓங்கரிப்பு

கொடுத்த லைஃப் ஜாக்கெட் ஈரமாக இருந்தது. ஏரித் தண்ணீரின் ஈரம் என்றால் தமயந்தி பொறுத்துக்கொண்டிருப்பாள். இது அவளுக்கு முன்னால் அதைப் போட்டிருந்த யாரோ ஒருவரின் உடம்பு ஈரம். தோள்பட்டையில் உப்புப் பூத்து ஒரு வெள்ளைக் கோடு, அக்குள் பக்கம் புளித்த மோர் வாடை, கொக்கிக்குப் பக்கத்தில் சுருண்டு ஒட்டியிருந்த ஒற்றை முடி. அந்த முடியை எடுத்துப் போடவும் முடியவில்லை, எடுப்பதென்றால் தொட வேண்டும். கரையில் நின்ற வழிகாட்டிக்காரர் "சிக்குனு இருக்கோணுங்க, லூசா இருந்தாப் பிரயோசனமில்ல" என்று பட்டையை இழுத்து இறுக்கியபோது அந்த ஈரம் சட்டையைத் தாண்டித் தோலுக்கு வந்துவிட்டது. இனி அது தன் வேர்வையோடு கலக்கும், கலந்தபிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாது. பத்தரை மணி வெயில். ஊசிப்பாறை ஏரியின் நடுவில், பேடில் போர்டு என்கிற மிதக்கும் பலகையின் மேல், கோயிலில் வேண்டுதலுக்கு உட்கார்ந்தவள் போல மண்டி போட்டிருந்தாள். எழுந்து நின்று துடுப்புப் போட வேண்டும், அதுதான் இந்த விளையாட்டு. மற்றவர்கள் நின்றுகொண்டுதான் போகிறார்கள். அப்பாகூட நிற்கிறார். முப்பத்தோரு வருடம் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்த சென்னியப்பன், வேட்டியும் காக்கிப் பேண்டும் தவிர வேறெதுவும் உடுத்தி அவள் பார்த்திராத அப்பா, இருபதடி முன்னால் தொடைக்கு ஏறிய நீல டவுசரோடு காலை அகட்டி நின்றுகொண்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று துடுப்பைப் போட்டுப் போய்க்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதுக் கால்கள். கெண்டைச் சதை வற்றி, முடி உதிர்ந்து, தோல் மட்டும் மினுமினுவென்று, உரித்த கோழி மாதிரி. பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்துக் கிடந்தது. தலைக்குச் சாயம் போட்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் அவள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கியபோதே வாசலில் அந்தக் கறுப்பைப் பார்த்துத் திடுக்கிட்டு, பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். இப்போது தண்ணீர் தெறித்து அந்தக் கறுப்பு காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கோடாக இறங்கிக் கழுத்து மடிப்பில் தேங்கியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. திரும்பிச் சிரித்தார். "எந்திரிச்சு நில்லு அம்மிணி! உழுந்தாலும் தண்ணிதானே!" தண்ணிதானே. அவள் குனிந்து பார்த்தாள். தூரத்தில் மலையும் மேகமும் தேயிலைச் சரிவும் காலண்டர் படம் போலத் தெளிவாகத் தலைகீழாக விழுந்திருந்த அதே தண்ணீர், பலகையின் ஓரத்தில் பச்சைக் கஞ்சி போல நுரைத்து, ஒரு செத்த பூச்சியையும் பிஸ்கட் உறை ஒன்றையும் மெதுவாக ஏந்தி அவள் முழங்காலை நோக்கிக் கொண்டுவந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து "முதுகை வளைக்காத கண்ணு, தூரமாப் பாரு, காலைப் பாத்தா விழுந்துருவ" என்று குரல் வந்தது. மைதானத்துக்கு அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளைக்கும் கேட்கிற குரல். லோகநாயகி டீச்சர். முப்பத்துநாலு வருடம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், காலை நடையில் அப்பாவுக்குப் பழக்கம். அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான். "ஒரு நாள் ஜாலியா மலைக்குப் போயிட்டு வரலாம் அம்மிணி, டீச்சரும் வர்றாங்க." அந்த 'டீச்சரும்' என்பதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முயன்றாரோ அவ்வளவும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு எதற்கு வந்தாள்? வராமல் இருந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் ஆகிவிடும் என்று வந்தாள். வந்ததற்குக் கூலியாக, காலையில் கார் நிறுத்துமிடத்தில் டீச்சர் அப்பாவின் முதுகில் வெயிலுக்கான கிரீம் தேய்த்துவிட்டதைப் பார்க்கவேண்டி வந்தது. வெள்ளைக் களிம்பு. முதுகு மருக்களின் மேலும் நரைத்த ரோமத்தின் மேலும் அது போய்ப் போய் வந்தது, டீச்சருடைய அகலமான உள்ளங்கை சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாடு சொறிந்துவிட்டால் நிற்குமே அப்படி. "லோகு, இடுப்புக்கிட்ட" என்றார். லோகு. அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா' என்பார், 'ஏம்புள்ள' என்பார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அம்மாவின் பெயர் அந்த வாயில் வந்ததை அவள் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறாள், ஆஸ்பத்திரிப் பாரத்தில் எழுதும்போது நர்ஸிடம், "சரஸ்வதிங்க." அந்த 'லோகு'வைக் கேட்டதும் தமயந்தி காரின் மறுபக்கம் போய்த் தண்ணீர் குடித்தாள். வயதானவர்கள் தொட்டுக்கொண்டால் ஏன் இப்படிக் குமட்டுகிறது, தப்புத்தானே இப்படி நினைப்பது, அவளுக்கும் முப்பத்தாறு ஆகிறது, ஒருநாள் இந்த முதுகு தன்னுடையதாகவும் இருக்கும். ஆனால் அதுவல்ல. உண்மையில் குமட்டுவது களிம்போ மருவோ அல்ல, அதற்கடியில் வேறொன்று, மாடிவீட்டு அம்மாள் சொன்ன ஒரு சொல். அம்மாவின் வருடாந்திரத் திதிக்கு வந்திருந்த டீச்சரைப் பார்த்து அந்த அம்மாள் கையில் பாயசத்தோடு சொன்னாள், "இவிங்க முன்னாடியே வந்திருக்காங்களே." முன்னாடியே. எதற்கு முன்னாடி? அந்த ஒரு சொல் ஒன்பது மாதமாக, பல்லிடுக்கில் சிக்கிய நார் போல, நாக்கு ஓயும்போதெல்லாம் போய்த் துழாவுகிற இடமாக ஆகிவிட்டது. அம்மா உள்ளறையில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தபோது, வெளியறையில் இந்தக் குரல் இருந்திருக்குமா? தணித்த குரலில் பேசியிருக்குமா? இந்தக் குரலைத் தணிக்க முடியுமா? அம்மாவுக்குக் கேட்டிருக்குமா?

துடுப்பைத் தண்ணீரில் விட்டாள். ஒரு கொடி அதில் சுற்றிக்கொண்டு மேலே வந்தது, வழுவழுவென்று, யாரோ குளியலறைச் சல்லடையிலிருந்து இழுத்தெடுத்த கூந்தல் போல. உதறினாள், போகவில்லை. மறுபடி உதறினாள், அது பலகையின் மேலேயே விழுந்து கால் விரலைத் தொட்டது. காலை இழுத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பாலில் ஆடை மிதந்தால் ஓங்கரிப்பாள், பஸ்ஸில் யாராவது வாந்தி எடுத்தால் தானும் எடுப்பாள், பள்ளியில் யார் எச்சில் பட்ட பென்சிலையும் வாங்கமாட்டாள். "அவ ஒடம்பு வாகு அப்படி" என்பாள் அம்மா, மற்றவர்களிடம் ஏதோ பெருமையைச் சொல்வது போல. அந்த வாகுக்கு ஏற்ற மாதிரி வேலையும் அமைந்தது. மெடிக்கல் கோடிங். எங்கோ அமெரிக்காவில் யாருக்கோ வந்த வியாதியின் குறிப்பு திரையில் வரும், படித்து அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். வாந்திக்கு ஓர் எண், வயிற்றுப்போக்குக்கு ஓர் எண், படுக்கைப் புண்ணுக்கு ஓர் எண், அது எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்பதற்கும் எண். பத்து வருடமாகப் போடுகிறாள், அவள் எண்களில் பிழையே வராது. ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய சீழையும் மலத்தையும் ஏ.சி. அறையில் காப்பி குடித்துக்கொண்டே கடப்பாள். எண்ணுக்கு வாடை கிடையாது. அம்மாவுக்கு முதுகெலும்பில் கட்டி வந்து அறுவைசிகிச்சைக்குப் பிறகு கால் வராமல் போனபோது, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து அந்த அறைக்குள் நுழைவாள். முதலில் வருவது டெட்டால், அதற்கடியில் பவுடர், அதற்கடியில், எத்தனை கழுவினாலும் அதற்கடியில், இனிப்பான ஒரு வாடை, அழுகத் தொடங்கிய பலாப்பழம் போல. அம்மாவைத் திருப்பிப் போடும்போது இடுப்பில் படுக்கைப் புண் தெரியும். பார்த்ததும் மனதில் முதலில் எண் வந்தது, எல் எண்பத்தொன்பது, மூன்றாம் நிலை, அதற்குப் பிறகுதான் அம்மா வந்தாள். தமயந்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாதான் எல்லாம். முண்டாசு கட்டிக்கொண்டு, ஏதோ பழைய மெட்டை முணகிக்கொண்டு, துடைப்பார், கழுவுவார், மருந்து வைப்பார், மூத்திரப் பையை மாற்றுவார். அவரைப் பார்த்து அவள் நினைத்துக்கொள்வாள், சில பேருக்கு மூக்கே கிடையாது போல. மில்லில் எண்ணெயிலும் கிரீசிலும் கிடந்த கை, அவருக்கு இது வராது. எனக்கு வருகிறது. அவரவர் பிறப்பு. இந்த நினைப்பில் ஒரு சௌகரியம் இருந்தது, சாய்ந்து உட்காரும்படி இருந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் சாய முடியவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "தமயா, ஆயிருச்சு போலிருக்கு கண்ணு. கொஞ்சம் மாத்தி விடறியா?" அவள் ஹாலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். வாடை வந்துவிட்டது. எழுந்தாள், வாசல்வரை போனாள், போர்வையின் மேல் அம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. "அப்பா வந்துருவாரும்மா, இப்ப வந்துருவாரு" என்றாள். அம்மா "சரி கண்ணு" என்றாள். அப்பா வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அவள் ஹாலில் உட்கார்ந்து யாருடைய வியாதிக்கோ எண் போட்டாள். அம்மா இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். ஒருமுறை கத்தியிருக்கலாம், திட்டியிருக்கலாம். மின்விசிறிச் சத்தம் மட்டும். பிள்ளை வேண்டாம் என்று புருஷனிடம் ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறாள், வேலை, பெங்களூர் வாடகை, பூமி சூடாவது. உண்மையான காரணத்துக்கு எண் கிடையாது.

"என்ன, பெலமாக் காத்தடிச்சாக்கூட நகராது போலிருக்கே உன்னோடது." அப்பா பலகையைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் வந்து அவரும் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, மார்பு ரோமத்தில் தண்ணீர் மணிமணியாக நின்றது. டீச்சரும் வழிகாட்டிக்காரரும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள், அக்கரை மரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகளாக. இரண்டு பலகைகளும் லேசாக உரசிக்கொண்டு மிதந்தன. அப்பாவின் கழுத்துச் சாயம் இப்போது ஜாக்கெட்டின் மஞ்சளில் இறங்கியிருந்தது. பார்க்காமல் இருக்க அவள் மலையைப் பார்த்தாள். சொல்லிவிடலாம், அப்பா சாயம் ஒழுகுது என்று சொல்லிவிடலாம், அதைச் சொன்னால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும். மற்றதே முதலில் வந்தது. "அப்பா, டீச்சர் நம்மூட்டுக்கு அம்மா இருக்கறப்பவே வந்தாங்களா?" அப்பா துடுப்பை மடியில் குறுக்காக வைத்தார். "வந்தாங்களே, ஒருக்கா." அவர் ஏதோ தேதியை நினைவுபடுத்துபவர் போல நெற்றியைச் சுருக்கினார். "காத்து மெத்தை குடுக்க வந்தாங்க. அவிங்கம்மா படுத்த படுக்கையாக் கெடந்தது அதுலதான். அவிங்கம்மா தவறுனப்பறம் அது சும்மா கெடந்துச்சு, நம்மூட்டு நெலமைய வாக்கிங்ல யாரோ அவிங்களுக்குச் சொல்லி, ஆட்டோல போட்டுட்டு வந்து எறக்குனாங்க. வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாங்க. அப்ப எனக்கு அவிங்க பேருகூடத் தெரியாது." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், கேள்விக்குள் இருந்த கேள்வி அவருக்கு அப்போதுதான் எட்டியது போலிருந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், கோபப்பட்டால் நன்றாக இருக்கும். "ஓ" என்றார். "அதை இத்தன நாளா வெச்சுட்டிருந்தியா." அவ்வளவுதான். அந்த மெத்தை அவளுக்கு நினைவிருந்தது. சாம்பல் நிறம், அடியில் ஒரு சின்ன மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். அது வந்த பிறகுதான் புண் ஆறத் தொடங்கியது. யார் கொடுத்தார்கள் என்று அவள் கேட்கவேயில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, குமட்டல் மட்டும் போகவில்லை, அது எங்கே உட்காருவது என்று தெரியாமல் உள்ளே சுற்றியது, வேறு வழியாக வெளியே வந்தது. "எப்படிங்கப்பா உங்களுக்கு முடியுது? ரெண்டு வருசம் அம்மாவுக்கு அத்தனையும் பண்ணுனீங்க. கொஞ்சங்கூட அருவருப்பு இல்லாம. அந்தக் கையாலயே…" அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "அருவருப்பு இல்லைன்னு யாரு சொன்னா உனக்கு? மொத மூணு மாசம், ஒவ்வொருக்காலும், முடிச்சுட்டு நேரா பாத்ரூம்ல போயி வாந்தி எடுத்துப்போட்டுத்தான் வருவேன். அவளுக்குக் கேட்டறக்கூடாதுன்னு பைப்பை முழுசாத் தொறந்து உட்டுக்குவேன். ஒரு நாள் வெளிய வர்றேன், படுத்துட்டே சொல்றா, 'ஏனுங்க, தண்ணி வீணாப்போகுது, மூடிட்டே எடுங்க'ன்னு." தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "மொத நாள்ல இருந்தே தெரிஞ்சிருக்குது அவளுக்கு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அதுக்கப்புறந்தான் எனக்கு வாந்தி நின்னுச்சு. அருவருப்பு நிக்கல, வாந்திதான் நின்னுச்சு." துடுப்பை ஊன்றி, முழங்காலில் கை வைத்து, முக்கி எழுந்து நின்றார். "வா, பசிக்குது" என்று சொல்லிப் போனார்.

அவள் போகவில்லை. பலகை தானாகவே மெதுவாகச் சுற்றியது, மலை போய்த் தேயிலை வந்தது, தேயிலை போய் அணைச் சுவர் வந்தது, மறுபடி மலை வந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது, ஏரியின் சத்தமல்ல, குளியலறைக் குழாயின் சத்தம். அவள் அதைக் கேட்டிருக்கிறாள். அந்த முதல் மாதங்களில் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்டிருக்கிறாள். பிளாஸ்டிக் வாளியில் தடதடவென்று விழும், வாளி நிரம்பி வழிந்த பின்னும் விழும், ஹாலில் உட்கார்ந்து எரிச்சலோடு நினைத்திருக்கிறாள், இந்த மனுஷன் எத்தனை தடவைதான் குளிப்பார், மேல்தொட்டி காலியாகிவிடப் போகிறது என்று. அந்தச் சத்தத்துக்குள் அப்பா இருந்திருக்கிறார், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முண்டாசை அவிழ்த்து வாயைத் துடைத்துக்கொண்டு. பிறகு வெளியே வந்து அவளைப் பார்த்து "காப்பி குடிச்சியா அம்மிணி?" என்று கேட்டிருக்கிறார். மூக்கே இல்லாத மனிதர் என்று யாரை நினைத்தாளோ அவருக்கும் அதே மூக்கு. அவள் மூக்கே அவரிடமிருந்து வந்ததுதானோ என்னவோ. அப்படியென்றால் அவரவர் பிறப்பு என்பது எங்கே போயிற்று? அவருக்கும் வந்தது, அவர் உள்ளே போனார். இவளுக்கும் வந்தது, இவள் வாசலோடு நின்றாள். நடுவில் இருந்தது ஒரு வாசற்படி, ஓரடி அகலம், அதில் அம்மா போட்டிருந்த அழிந்துபோன பெயிண்ட் கோலம். அவ்வளவு பக்கம். இப்போது ஜாக்கெட் நாறவில்லை, ஏரி நாறவில்லை, எதுவோ நாறிக்கொண்டுதான் இருந்தது. தன் கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ரப்பர் வாடை. அது இல்லை. இதற்கு எந்தப் பக்கம் மூக்கைத் திருப்புவது? கத்திவிட வேண்டும் போலிருந்தது, அப்பா, ஒரு சனிக்கிழமை நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது என்று கத்திவிட வேண்டும், ஆனால் அவர் அக்கரைக்குப் பாதி வழி போய்விட்டார், கத்தினால் மலைதான் பதில் சொல்லும். இல்லை, அவருக்குத் தெரிந்துமிருக்கலாம். அன்று கதவைத் திறந்து வந்தவர் எத்தனை நேரமானது என்று ஈரத்தைத் தொட்டே அறிந்திருப்பார். தெரிந்தும் காப்பி குடித்தாயா என்று கேட்டவரா? இதை அவரிடம் கேட்கமுடியாது, அம்மாவிடமும் கேட்கமுடியாது, இது இப்படியே கிடக்கும். மண்டி போட்டபடியே துடுப்பைப் போட்டாள். பலகை நேராகப் போகவில்லை, கோணல்மாணலாகப் போனது, போய்ச் சேர்ந்தது.

அக்கரை கரையே அல்ல, சேறு. மழைக்காலத்துத் தண்ணீர் வற்றி இறங்கிய இடத்தில் பத்தடி அகலத்துக்குக் கறுப்பாகக் களி, அதற்கப்பால் புல்மேடு, மேட்டில் ஒரு பெரிய நாவல்மரம். அப்பாவும் வழிகாட்டிக்காரரும் சாப்பாட்டுப் பையோடு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். டீச்சர் மட்டும் அவளுக்காகத் தண்ணீரில் நின்றிருந்தார், பலகையைப் பிடித்து இழுக்க. "வந்துட்டியா, குட், குட்" என்று கையை நீட்டி ஓர் அடி எடுத்து வைத்தவர், கால் களிக்குள் முழங்கால்வரை போய்விட, அப்படியே முகங்குப்புற விழுந்தார். பெரிய உடம்பு விழுந்த சத்தம். எழுந்தபோது தலைமுதல் சேறு வழிந்தது, ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. "அடிபட்டுருச்சா டீச்சர்? ரத்தமா?" இல்லையென்று தலையை ஆட்டினார். காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிய மனுஷி பேசவில்லை, மறு கையால் தண்ணீருக்குள் துழாவினார், துழாவத் துழாவ அடியிலிருந்து கறுப்பு கிளம்பிக் கலங்கியது. தமயந்தி இறங்கினாள். கால் விரல்களுக்கிடையில் களி வெண்ணெய் போல ஏறி வந்தது. "என்ன தேடறீங்க?" டீச்சர் கையை ஒரு கணம் விலக்கினார். மேலுதடு உள்ளே விழுந்து, கன்னம் சரிந்து, அந்த இடத்தில் வேறு யாரோ ஒரு எண்பது வயதுக் கிழவியின் முகம் இருந்தது. "பல்லு" என்றார், காற்றோடு. "செட்டு. கழண்டுருச்சு." பிறகு புல்மேட்டைக் கண்ணால் காட்டினார். "அவருக்குத் தெரியாது கண்ணு." அந்தப் பெரிய குரல் தணிந்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. கண்ணில் இருந்தது ஏரித் தண்ணீர் அல்ல. மேட்டிலிருந்து அப்பா எழுந்து பார்த்தார். "லோகு! என்ன ஆச்சு?" இறங்கி வரத் தொடங்கினார். டீச்சர் முதுகைத் திருப்பிக்கொண்டு, சேற்றில், தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் பாவாடை கறைபட்ட பிள்ளைகள் சுவரோரம் நிற்பார்களே, அப்படி. தமயந்தி திரும்பிக் கத்தினாள். "வராதீங்கப்பா! துணி மாத்தோணும், அங்கயே திரும்பி உக்காருங்க!" அப்பா பாதி வழியில் நின்று, மரியாதையாகத் திரும்பிப் போனார். அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். முதலில் மணிக்கட்டு, பிறகு முழங்கை. கலங்கலில் கை தெரியவில்லை, அது தன் கைதானா என்றும் தெரியவில்லை. அழுகிய இலைகள் விரலில் பிட்டுப் பிட்டு வந்தன. பிளாஸ்டிக் ஒன்று. வழுவழுப்பாக ஏதோ ஒன்று, ஈரல் துண்டு மாதிரி, தொட்டதும் சுருங்கியது, உயிருள்ளது. அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது, சத்தமாக ஓங்கரித்தாள், கண்ணில் நீர் முட்டியது. கையை எடுக்கவில்லை. மறுபடி வந்தது, மறுபடி ஓங்கரித்தாள், கை இன்னும் கீழே போனது, தோள்வரை, கன்னம் தண்ணீரைத் தொட்டது. ஓடு, குச்சி, கல், நத்தை. அதற்கடியில் வரிசையாகச் சின்னச் சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். ரோஸ் நிற ஈறு, ஓரத்தில் கம்பி, எட்டுப் பற்கள், இரண்டு பற்களுக்கிடையில் பச்சையாக ஒரு பாசி இழை. ஒருவருடைய வாய்க்குள் இருந்தது, உள்ளங்கையில் இருந்தது. காலையில் தின்ற இட்லி தொண்டைவரை வந்துவிட்டது. விரல்கள் திறந்துகொண்டு அதைக் கீழே போட்டுவிடும் என்று எதிர்பார்த்தாள், போடவில்லை. கட்டைவிரல் நகத்தால் அந்தப் பாசி இழையை நெம்பி எடுத்தாள், பலகையில் கட்டியிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு பக்கமும் கழுவினாள், தன் சட்டையின் உள்பக்கத்தில் துடைத்தாள், நீட்டினாள். டீச்சர் வாங்கித் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். 'டக்' என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் ஒருமுறை ஓங்கரித்தாள். டீச்சர் திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. "அருவருப்பா இருக்கா கண்ணு?" என்று கேட்டார். "இருக்குங்க டீச்சர்." "ரொம்பவா?" "ரொம்ப." டீச்சர் சிரித்துவிட்டார். சேறு வழிய வழிய, சின்னக் குரலில், நிறுத்தமுடியாமல் சிரித்தார், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு களியிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி மேலேறினார்கள்.

மரத்தடியில் வழிகாட்டிக்காரர் சற்றுத் தள்ளித் தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா இன்னும் ஏரிக்கு முதுகு காட்டியபடிதான் உட்கார்ந்திருந்தார், "திரும்பலாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். சேறாகக் கிடந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னத்தத் தொலைச்சீங்க?" டீச்சர் டிபன் மூடியைத் திறப்பதில் மும்முரமானார். "தோடுங்கப்பா" என்றாள் தமயந்தி. "டீச்சர் தோடு உழுந்துருச்சு. எடுத்துட்டோம்." அப்பா டீச்சரின் காதைப் பார்த்தார். வெறும் காது. தண்ணீரில் இறங்கும் முன்பே கழற்றி அப்பாவிடம் கொடுத்து வைத்திருந்தார் போலிருக்கிறது, அப்பாவின் கை தன்னையறியாமல் பைக்குள் போய் ஒரு காகிதப் பொட்டலத்தைத் தொட்டது, தொட்டு, அப்படியே அதை விட்டுவிட்டு வெளியே வந்தது. "கெடச்சுதுல்ல, அது போதும்" என்றார். எதுவரை அவருக்குத் தெரியும்? முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. ஒருவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று பைப்பைத் திறந்துவிட்டு நிற்கிற பழக்கம் உள்ளவர். கை கழுவச் சோப்பு இல்லை. பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள், நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை, முகர்ந்தால் சேறும் அதற்கடியில் வேறொருவருடைய வாயும் இருந்தன. டீச்சர் தட்டில் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும் வைத்துக் கொடுத்தார். சாப்பிட ஸ்பூன் இல்லை. அந்தக் கையால் பிசைந்து முதல் வாய் வைத்தாள். சோறு தொண்டையில் நின்றது, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், இறங்கியது. அப்பா தொண்டையைக் கனைத்தார். கழுத்தில் சாயம் காய்ந்து ஒரு நரம்பு போல ஒட்டியிருந்தது. "ஆவணியில வெச்சுக்கலாம்னு இருக்கறோம், அம்மிணி. பெருசா ஒண்ணுமில்ல. கோயில்ல ஒரு மாலை, அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ். உனக்கு மனசுக்கு ஒப்பலைன்னா சொல்லிரு." டீச்சரின் கை கரண்டியோடு நின்றது. ஏரி அப்படியே கிடந்தது, தூரத்தில் யாரோ தண்ணீரில் விழுந்து சிரிக்கிற சத்தம். ஒப்பவில்லை என்பதுதான் உண்மை. அந்த முதுகும் அந்தக் களிம்பும் நாளைக்கும் குமட்டும், அடுத்த வருடமும் குமட்டும். "எனக்குப் புடிக்கலீங்கப்பா" என்றாள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார், ஒருமுறை, இரண்டுமுறை. அவள் அடுத்த வாயைப் பிசைந்தாள். "ஒடனே புடிக்கும்னு நெனைக்கவும் வேண்டாம், கொஞ்ச நாளாகும். ஆவணில எனக்கு லீவு கெடைக்காது. ஐப்பசில வைங்க, நாலு நாளைக்கு வர்றேன்." அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், அங்கே பார்க்க ஒன்றுமில்லை. டீச்சர் இன்னொரு கரண்டி சோற்றை எடுத்து, கேட்காமலே, அவள் தட்டில் வைத்தார். வேண்டாம் என்றுதான் தோன்றியது. சாப்பிட்டாள்.